மேம்பாலத்தில் பூக்கிறது, என் வீட்டில் பூக்கவில்லை

சிங்கப்பூரில், ஈசூனில் நாலாவது மாடி. மதியம் 1 மணிக்குத் தாழ்வாரத்தில் ஏறும் வெயில் சாயங்காலம் 6 மணிக்குத்தான் இறங்கும். அந்த வெயிலை நம்பித்தான் போன வருடம் 12 வெள்ளிக்கு ஒரு காகிதப்பூச் செடி வாங்கினேன். வரும்போது செடி முழுக்க மெஜந்தா. இரண்டே வாரத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. அப்புறம் எட்டு மாதம் வெறும் இலையும் முள்ளும்தான்.

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் இதே செடி. குறுகலான தொட்டி, கீழே தார்ச்சாலைச் சூடு. ஆனாலும் இலை தெரியாமல் பூத்துக் கிடக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்து வயிற்றெரிச்சல்.

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்: “தியாப் ஹாரி சிராம், மானா அடா புங்கா?” தினமும் தண்ணீர் ஊற்றினால் பூ எங்கிருந்து வரும் என்கிறார். நான் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றும் கையோடு இதற்கும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்குத் தொட்டிக்கு அடியில் தட்டு வேறு. டெங்கிச் சோதனைக்கு வந்தவர் அந்தத் தட்டைப் பார்த்த பார்வையில் அன்றே அதைத் தூக்கிப் போட்டேன்.

காகிதப்பூவுக்கு ஈரம் அதிகமானால் இலைதான் தழைக்கும். தழைச்சத்து உரம் போட்டாலும் அதே கதை. வேர் கொஞ்சம் காய்ந்து, ‘இனி பிழைப்போமா’ என்று செடிக்குத் தோன்ற வேண்டும். இலை லேசாகத் துவளும்வரை பார்த்திருந்து ஊற்றினேன். நீண்ட கொம்புகளை வெட்டிவிட்டேன். தொட்டியை மட்டும் மாற்றவில்லை. வேர் நெருக்கமாக இருந்தால் இதற்குப் பிடிக்கும்.

ஆறாவது வாரம் புதுத் துளிர் நுனியில் நிறம் தட்டியது. கிட்டத்தில் பார்த்தால்தான் தெரிகிறது, நாம் பூ என்று சொல்லும் மெஜந்தா மூன்றும் பூவிலைகள், அதாவது நிறம் பிடித்த இலைகள். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு, தீக்குச்சி பருமனில் ஒரு குழல், அதன் வாயில் வெள்ளை நட்சத்திரம். அதுதான் பூ. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

டிசம்பர் மழையில் மேம்பாலமே பச்சையாகிவிடும், அப்போது என்ன ஆகுமோ. இப்போதைக்கு உதிர்ந்ததெல்லாம் காற்றில் மக்சிக் வீட்டு வாசலுக்குத்தான் போகிறது. காலையில் துடைப்பத்தோடு போனால், அவர் வீட்டுப் பூனை அந்தக் குவியல்மேல் படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது.