60 மாத வாரண்டியில் இலவசம் எத்தனை மாதம்?

கார் பேட்டரியின் மேல் 60 மாத வாரண்டி என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஐந்து ஆண்டுகளுக்குள் எப்போது பழுதானாலும் கடைக்காரர் புதிதொன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாரண்டி அட்டையைத் திருப்பிப் படித்தால், அந்த 60 பெரும்பாலும் 30+30 என்று பிரிந்திருக்கும். முதல் 30 மாதங்களுக்குள் தயாரிப்புக் குறையால் பேட்டரி செயலிழந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 30 மாதங்களில், புதிய பேட்டரியின் விலையில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்வார்கள். மாதம் ஏற ஏற அந்தப் பங்கும் தேயும். 36+36, 24+24, 18+18 என்று எண்கள் மாறினாலும் ஏற்பாடு இதுதான். வாடகைக்கு ஓடும் கார்களுக்குக் காலம் இன்னும் குறைவு.

இரண்டாம் பகுதியைக் கடைகளில் புரோ ரேட்டா என்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தள்ளுபடி பெரும்பாலும் பேட்டரியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலையின் மேல் கணக்கிடப்படுகிறது. ஆனால் அந்த விலைக்கு யாரும் பேட்டரி வாங்குவதில்லை. பட்டியல் விலை 6,000 ரூபாய், தள்ளுபடி 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், நாம் கட்ட வேண்டியது 4,200. பழைய பேட்டரியைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், அதற்குத் தனியாக விலை கிடைக்காது. அதே பேட்டரி வெளியே, பழையதைக் கொடுத்துவிட்டு 4,500 ரூபாய்க்குக் கிடைக்குமென்றால், வாரண்டியால் நமக்கு மிச்சம் 300 ரூபாய்தான். கடைசி மாதங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகி, வாரண்டியில் வாங்குவதே கூடுதல் செலவாகவும் முடியலாம். ஆகவே நான் முதல் எண்ணை மட்டுமே வாரண்டியாக எடுத்துக்கொள்கிறேன். பின்னால் வரும் எண் விளம்பரம் என்பது என் கருத்து.

மதுரையில் இந்த முதல் எண்ணுக்கு மதிப்பு அதிகம், ஏனெனில் பேட்டரியைக் கொல்வது வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பானெட்டுக்குள் என்ஜினுக்குப் பக்கத்தில் வெப்பம் அதைவிட வெகுவாக ஏறிவிடும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. தண்ணீர் ஆவியாகிறது, ஈயத் தகடுகள் அரிக்கப்படுகின்றன. காளவாசலிலிருந்து பெரியார் நிலையம் வரை என்று குறுகிய தூரமே ஓடி, மீதி நேரமெல்லாம் வெட்டவெளியில் நிற்கும் காருக்கு இன்னொரு கேடும் சேர்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுவதால், தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடுகிறது.

வாரண்டி கேட்டுப் போகிறவர் முதலில் மோதிக்கொள்ளும் இடம் வேறு. சார்ஜ் இறங்கிப்போன பேட்டரியும் கெட்டுப்போன பேட்டரியும் ஒன்றல்ல. வாரண்டி பின்னதற்கு மட்டும்தான். திருமங்கலத்தில் இருக்கும் என் மைத்துனரின் காரில் இதை அருகிலிருந்து பார்த்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. தள்ளி ஸ்டார்ட் செய்தால் நாள் முழுவதும் ஓடும். பேட்டரி இலவசக் காலத்துக்குள்தான் இருந்தது. பேட்டரி வாங்கிய கடையில், "சார்ஜ் போட்டுப் பார்க்கணும் சார், நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாள் போனபோது, சார்ஜ் ஏறிவிட்டது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். சில நாட்களில் மீண்டும் அதே கதை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று மைத்துனர் கொதித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழு சார்ஜ் ஏற்றிய பிறகே சோதிக்க வேண்டும் என்பது நியாயமான விதி. ஆனால் ஏற்றிய சூட்டோடு வோல்ட் பார்த்துச் சரி என்று சொல்வது சோதனை ஆகாது.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் உண்டு; ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்த பிறகு 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.0 என்றால் சார்ஜ் கால் பங்குதான். அதே நிலையில் 10.5க்குப் பக்கத்தில் நின்றுவிட்டால், ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மூடி திறக்கும் வகையாக இருந்தால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இதைவிடத் தெளிவாகப் பேசும். நல்ல செல்லில் அமிலத்தின் அடர்த்தி 1.250க்கு மேல் இருக்கும். செல்லுக்குச் செல் 0.050க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் குறை அந்தச் செல்லில். மைத்துனரின் பேட்டரியில் ஐந்து செல்கள் ஒழுங்காக இருக்க, ஒன்று மட்டும் 1.150இலேயே நின்றது. ஆறு எண்களையும் தாளில் எழுதி முத்திரை வைத்துத் தரும்படி கேட்டோம். அதன் பிறகு பேச்சு வளரவில்லை, பேட்டரி மாறியது.

மூடி இல்லாத பேட்டரிகளில் மேலே பச்சையாகத் தெரியும் கண்ணை நம்பிவிடக் கூடாது. அது ஆறு செல்களில் ஒன்றின் நிலையை மட்டுமே காட்டும். பக்கத்துச் செல் செத்துக் கிடந்தாலும் அது பச்சையாகவே சிரிக்கும். அந்த வகைக்கு, மின்சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டரிலோ, அச்சிட்ட சீட்டுத் தரும் கருவியிலோதான் சோதிக்க வேண்டும்.

பேட்டரியை மட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் போதாது. திருமங்கலம் மெக்கானிக் சொன்னார்: "அண்ணே, செல்ஃபு எடுக்கலைன்னதும் பேட்டரிய மாத்துன்னு சொல்றவனுக்குப் பாதி வேலை மிச்சம்." என்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். குறைந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. 15ஐத் தாண்டினால் அதிகமாக ஏற்றித் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. இரண்டுமே வண்டியின் குறை. இதைக் காட்டி வாரண்டியை மறுத்தால் அந்த மறுப்பு செல்லும். வண்டி வாங்கிய பிறகு மாட்டிய மியூசிக் சிஸ்டம், கேமரா, ஜி.பி.எஸ். கருவி ஆகியவை வண்டி நிற்கும்போதும் மின்சாரத்தை உறிஞ்சும். 50 மில்லி ஆம்பியர் என்பது அற்பமாகத் தோன்றினாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி; 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு மாதத்தில் காலி. அடைத்த காரைப் பார்க்க ஆளில்லாமல் வெளியூர் போகிறவர்கள் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடலாம்.

மறுப்புக்கு வேறு சில காரணங்களும் அட்டையில் இருக்கும்: உடைந்த பெட்டி, அழிந்த வரிசை எண், டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலாக ஆசிட் ஊற்றியது, வண்டிக்குப் பொருந்தாத பேட்டரி. கடைசிக் காரணம் இப்போது கூடிவருகிறது. சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் கார்களுக்கு அடிக்கடி ஸ்டார்ட் செய்வதற்கென்றே செய்யப்படும் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரிதான் தாங்கும். விலை மலிவு என்று சாதாரண பேட்டரியைப் பொருத்தினால் அது சீக்கிரம் போய்விடும், வாரண்டியும் கூடவே போய்விடும்.

காரணம் எதுவானாலும், மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு மேலே போக முடியாது. எழுத்தில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பேட்டரியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை.

இலவசமாக மாற்றித் தந்த பேட்டரிக்கு வாரண்டி புதிதாகத் தொடங்குவதில்லை. முதல் பேட்டரி வாங்கிய நாளிலிருந்தே கணக்கு. மீதமிருக்கும் மாதங்கள் மட்டும்தான் புதியதற்கு உண்டு. மைத்துனரின் அட்டையில் கடைக்காரர் பழைய தேதியையே எழுதிக் கொடுத்திருக்கிறார். இலவசக் காலம் வரும் பங்குனியில் முடிகிறது. அதற்கு முந்தைய மாதமே பேட்டரியை ஒருமுறை முறையாகச் சோதித்து, சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.