மீனாட்சிபுரத்தாளுக்குப் பால்குடம்

வீட்டில் அம்மை போட்டிருந்தபோது காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்ட பால்குடம் இது. மூணாம் தண்ணி (அம்மை கண்டவருக்கு மூன்றாவது தலைக்குளியல்) ஊற்றி, பொருக்கு முழுக்க உதிர்ந்த பிறகுதான் கோயில் பேச்சே. காரைக்குடி ஆச்சிமார் இதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பொருக்குத் தட்டும்வரை அடுத்தவருக்கு ஒட்டும் என்றுதானே டாக்டரும் சொல்கிறார்!

வைசூரியை, அதாவது பெரியம்மையை, கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. நம் நாட்டில் 1975-லேயே அது ஓய்ந்தது, 1980-ல் உலகத்தை விட்டே போனதாக அறிவித்தார்கள். ஆனாலும் நிலைவாசலில் வேப்பிலை செருகுவதும், தாளிக்காமல் சமைப்பதும், அந்த வீட்டார் விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பதும் இன்றைக்குச் சின்னம்மைக்கும் அப்படியே நடக்கிறது. வாந்திபேதி (காலரா) பரவிய வருஷத்தைக் கேட்டால் மட்டும், "ஆத்தா காப்பாத்துனா" என்று பேச்சைச் சுருக்கிவிடுவார்கள்.

மாசி-பங்குனித் திருவிழாவில் குடம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் நாலு தண்ணீர் விட்டு அலசுங்கள். புளிப்பு ஒட்டியிருந்தால் அந்த வெயிலில் பால் வழியிலேயே திரிந்துவிடும். காய்ச்சாத பால், முக்கால் குடம் போதும். மேலே போனால் தளும்பும்.

மாவிளக்குக்குப் பச்சரிசி இரண்டு டம்ளர், ஒரு மணி நேரம் ஊறட்டும். வடித்துத் துணியில் உலர்த்தி, கையில் ஈரம் தெரியும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். பொடித்த வெல்லம் ஒன்றரை டம்ளர், ஏலக்காய். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அந்த ஈரத்திலும் வெல்லத்திலுமே மாவு சேரும். தண்ணீர் தெளித்தால் இளகி, குழி சரிந்து, நெய் இலையில் ஓடிவிடும்.

தக்காளி இவளுக்கு விசேஷக் காணிக்கை. கெட்டிப் பழமாக வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வாசலில் சொல்லும் விலை அநியாயம். "சீக்கிரம் தரிசனம்" என்று கையைப் பிடிக்கிற ஆட்களிடம் நின்று பேசவே வேண்டாம். வரிசையில் தள்ளுமுள்ளு, குடம் பிடித்தவர் கால் மிதிபடுகிறது, கேட்க ஆளில்லை.

ஆனால் பால் முகத்தில் வழிந்து இறங்கி, மஞ்சளும் குங்குமமும் கரைந்து, அந்தக் கண் இரண்டும் தெளிகிற கணம் இருக்கிறதே! குடம் சுமந்த கழுத்து வலி எங்கே போனதென்று தெரியாது. சுற்றிலும் "குளிர்ந்து போ தாயே" என்ற குரல்தான். முத்துப் போட்டவளும் நீ, இறக்கியவளும் நீ. கண்ணைத் தொடாமல் விட்டாயே, அது போதும் ஆத்தா. அடுத்த வருஷம் அக்கினிச்சட்டி.