பட்டமும் பி.இ., உரிமமும் பி.இ.

"பி.இ. முடித்துவிட்டுத்தானே அமெரிக்கா போனாய், மறுபடி என்ன பி.இ. பரீட்சை?" என்று அப்பா போனில் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நமக்கு பி.இ. என்றால் பட்டம். அமெரிக்காவில் அது 'புரொஃபஷனல் இன்ஜினியர்', அதாவது மாநில அரசு தரும் உரிமம். அந்த உரிமம் உள்ளவர்தான் வரைபடத்தில் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட முடியும். மற்றவர் எத்தனை இரவு கண்விழித்து வரைந்தாலும் தாளின் மூலையில் இன்னொருவர் பெயர்தான் இருக்கும்.

நான் சிவில் இன்ஜினியர், நெடுஞ்சாலை வடிவமைப்பில் இருக்கிறேன். முதல் தேர்வு எழுதியது 2015இல், உரிமம் கைக்கு வந்தது 2023இல். இடையில் தேர்வு முறையே மாறிவிட்டது. பழைய முறையில் ஒருமுறையும் புதிய முறையில் ஒருமுறையும் எழுதியவன் என்பதால் இரண்டையும் சொல்கிறேன்.

முதல் படி எஃப்.இ., அதாவது பொறியியல் அடிப்படைகளைச் சோதிக்கும் தேர்வு. அது 2014 ஜனவரியிலேயே கணினிக்கு மாறிவிட்டது. 110 கேள்விகள், 5 மணி 20 நிமிடம். எம்.எஸ். கடைசி செமஸ்டரில் எழுதிவிட்டேன். படித்தது மறப்பதற்குள் எழுதிவிடுங்கள், அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

அப்புறம் நான்கு வருட அனுபவம் சேர்ந்தால்தான் உரிமம். தேர்வை நடத்துவது என்.சி.இ.இ.எஸ். என்ற தேசிய அமைப்பு. உரிமம் தருவது அந்தந்த மாநிலத்தின் வாரியம். தேர்வு நாடு முழுக்க ஒன்று, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல நாள் நான் குழம்பியது இந்த இரண்டையும் ஒன்றென நினைத்ததால்தான்.

இரண்டாம் படிதான் பி.இ. தேர்வு. அப்போது அதன் சிவில் தேர்வு தாளில் நடந்தது, வருடத்துக்கு இரண்டே முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும். காலையில் சிவில் முழுக்கப் பொதுவாக 40 கேள்வி, பிற்பகலில் நாம் தேர்ந்தெடுத்த பிரிவில் 40 கேள்வி, மொத்தம் 8 மணி நேரம். புத்தகம் பார்த்து எழுதலாம், பைண்டு செய்த எதையும் கொண்டுபோகலாம். அதனால் சக்கரம் வைத்த பெட்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நானும் அப்படித்தான் தயாரானேன். 2020 ஏப்ரல் தேர்வுக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வண்ணச் சீட்டு ஒட்டினேன். கொரோனா வந்தது, நாடு முழுக்க அந்த ஏப்ரல் தாள் தேர்வுகள் ரத்தாயின.

2021 ஏப்ரலில் எழுதி, தோற்றேன். கடைசி பதினோரு கேள்விகளை வாசிக்கவே நேரம் இல்லை, தவறுக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள் என்பதால் எதையோ நிரப்பினேன். காரணம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கணக்குப் போட வேண்டிய நேரத்தையெல்லாம் புத்தகம் அடுக்குவதில் செலவிட்டிருந்தேன். எந்தச் சூத்திரம் எந்தப் பக்கத்தில் என்று தெரிந்தது, அது எந்தக் கேள்விக்கு என்று பட்டென்று தெரியவில்லை.

சிவில் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து கணினிக்கு மாறுகிறது என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் பதறினார்கள். 2021 அக்டோபர்தான் கடைசித் தாள் தேர்வு, எப்படியாவது அதில் எழுதிவிடு என்றார்கள். அப்போது எங்கள் குழந்தை பிறந்து ஒரு மாதம். என்னால் முடியவில்லை, விட்டுவிட்டேன். இன்று நினைத்தால் நல்லதுதான் நடந்திருக்கிறது.

புதிய முறையில் ஒரு புத்தகமும் உள்ளே போகாது. என்.சி.இ.இ.எஸ். கையேடு திரையின் ஒரு பக்கத்தில், கேள்வி மறுபக்கத்தில். அவர்கள் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் அந்தக் கையேட்டை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நான் செய்த ஒரே மாற்றம், ஆறு மாதம் வேறு எதையும் திறக்காமல் அந்தக் கோப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டதுதான். ஒவ்வொரு கணக்குக்கும் என்ன சொல்லைத் தட்டித் தேடினேன் என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். 'கர்வ்' என்று தட்டினால் கொட்டும், எதற்கும் உதவாது. 'வெர்ட்டிகல் கர்வ்' என்றால் கொஞ்சம் குறையும். கல்லூரியில் நாம் பழகிய பெயர் ஒன்று, கையேட்டில் அச்சாகியிருக்கும் பெயர் வேறு. அச்சில் உள்ளதைத்தான் தட்ட வேண்டும். கடைசி மாதத்தில் தேடுவதற்கு முன்பே அத்தியாயம் நினைவுக்கு வந்தது.

என் பிரிவுக்கு இன்னொரு சிக்கல், சாலை வடிவமைப்பின் விதிநூல்கள். அவையும் திரையில் வரும், ஆனால் அத்தியாயம் அத்தியாயமாக. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்கலாம், திறந்த அத்தியாயத்துக்குள்தான் தேட முடியும். எந்த விஷயம் எந்த அத்தியாயத்தில் என்று தெரியாதவர் அங்கேயே நேரத்தை இழப்பார். ஒவ்வொரு விதிநூலின் பொருளடக்கத்தையும் மனப்பாடமாகவே படித்தேன். அந்த உழைப்பு மட்டும் நான்கைந்து கேள்விகளைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன்.

2022 மே மாதம், கணினித் தேர்வுகள் நடத்தும் பியர்சன் வியூ மையத்தில் தேர்வு. தேதியை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதே பெரிய நிம்மதி. உள்ளங்கையை ஸ்கேன் செய்தார்கள், உடைப் பைகளைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள், கண்ணாடியைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். அனுமதித்த கால்குலேட்டர்களின் பட்டியலில் கேசியோ 991 இருந்தது, அதனால் கல்லூரியில் முதல் வருடம் வாங்கிய அதே கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். எழுதிப் பார்க்க அழிக்கக்கூடிய ஏட்டையும் மார்க்கரையும் அவர்களே தருகிறார்கள். மார்க்கரால் சின்னதாக எழுத வராது, வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மொத்தம் 9 மணி நேரம் ஒதுக்குகிறார்கள், அதில் தேர்வு 8 மணி நேரம், இடைவேளை 50 நிமிடம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதி கேள்விகளை முடித்து ஒப்படைத்தால்தான் இடைவேளை, ஒப்படைத்தபின் அவற்றுக்குத் திரும்ப முடியாது. ஆனால் இரண்டு பாதிக்கும் நேரத்தைச் சமமாகப் பிரித்துத் தருவதில்லை, 8 மணி நேரத்தை நாம்தான் பங்கிட வேண்டும். முதல் பாதிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். மூன்று கேள்விகள் மனசை உறுத்தின, இருந்தும் ஒப்படைத்துவிட்டேன். அந்த முடிவுதான் பிற்பகலில் என்னைக் கரை சேர்த்தது.

தாள் முறையில் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தேன். இப்போது 7 முதல் 10 நாள். ஒரு புதன்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது, தேர்ச்சி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றினேன்.

சரி, தேர்வு முடிந்தது, உரிமம் வந்துவிடும் என்று நினைத்தேன். விண்ணப்பம் அதைவிட நீண்டது. எம்.எஸ். இங்கே படித்திருந்தாலும் இளநிலைப் பட்டம் இந்தியாவில் என்பதால் அதை மதிப்பீடு செய்யச் சொன்னார்கள். மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும், நாம் அனுப்பினால் செல்லாது. நான் படித்த கல்லூரியில் அந்த உறையை அனுப்ப நான்கு மாதம் ஆக்கினார்கள். தம்பி மூன்று முறை நேரில் போய் நின்றான். தேர்வுக்கு முன்பே இந்த வேலையை முடித்திருக்கலாம், யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: முதலில் மதிப்பெண் பட்டியல், அப்புறம் படிப்பு.

அடுத்தது பரிந்துரையாளர்கள். ஐந்து பேர் வேண்டும், அதில் மூன்று பேராவது உரிமம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். என் முதல் மேலாளர் ஓய்வுபெற்று வேறு ஊருக்குப் போயிருந்தார், அவரைத் தேடிப் பிடிக்கவே மூன்று வாரம். அவர் ஒரே நாளில் படிவத்தை நிரப்பி அனுப்பினார், அந்த நன்றி என்றும் இருக்கும்.

அனுபவ விவரத்தை வாரியம் ஒருமுறை திருப்பி அனுப்பியது. "வடிகால் திட்டத்தில் பங்கேற்றேன்", "குழுவுக்கு உதவினேன்" என்று எழுதியிருந்தேன். குழு என்ன செய்தது என்பது அவர்களுக்குத் தேவையில்லை. நீ எதைக் கணக்கிட்டாய், எந்த மாற்று வழியை ஏன் விலக்கினாய், யார் மேற்பார்வையில் என்று கேட்கிறார்கள். "வளைவின் ஆரத்தைப் பார்வைத் தூரம் போதாததால் கூட்டினேன்" என்பதுபோல எழுதி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். நம்மில் பலருக்கு 'நான் செய்தேன்' என்று எழுதக் கூச்சம். இங்கே அந்தக் கூச்சம் மாதங்களைத் தின்றுவிடும்.

எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு முறை இன்னும் மாறியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் சிவில் தேர்வில் அந்தப் பொதுப் பாதி கிடையாது, தேர்ந்தெடுத்த பிரிவை ஒட்டியே கேள்விகள். பல மாநிலங்களில் நான்கு வருடம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம், தேர்வை முன்பே எழுதிவிட்டு அனுபவம் சேர்ந்ததும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். இது மிக நல்ல மாற்றம் என்பது என் கருத்து. குழந்தையும் பொறுப்பும் வருவதற்கு முன், படிப்பு சூடாக இருக்கும்போதே எழுத முடிகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் அப்படித்தான் இரண்டாம் வருடத்திலேயே தேர்ச்சி பெற்றுவிட்டாள். அனுபவ விவரம் எழுத இன்னும் காலம் இருக்கிறதே என்றாள். இப்போது ஒவ்வொரு மாதக் கடைசி வெள்ளியும் பத்து நிமிடம் என் பக்கத்தில் உட்காருகிறாள். அந்த மாதம் தான் எடுத்த முடிவுகளை 'நான்' என்று தொடங்கி நான்கு வரி எழுதுகிறாள், நான் படித்துப் பார்க்கிறேன்.