சரிங்கம்மா

டெல்டாப் பகுதியில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாதாமாதம் மருந்து வாங்க வருபவர்களுக்கு அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்து, நோட்டில் எழுதி மருத்துவரிடம் அனுப்புவதும், அவர்கள் திரும்பி வரும்போது மருந்தை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்புவதும் என் வேலை. இந்தக் கடைசி வேலைக்குப் பதிவேட்டில் ‘கவுன்சலிங்’ என்று ஒரு கட்டம் உண்டு. பல ஆண்டுகள் அந்தக் கட்டத்தில் எந்த உறுத்தலும் இல்லாமல் டிக் போட்டு வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்பேன், எதிரில் இருப்பவர் “சரிங்கம்மா” என்பார், அடுத்த நோட்டைக் கையில் எடுப்பேன்.

எழுபது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவருக்கு மாத்திரையில் சர்க்கரை கட்டுப்படாததால் மருத்துவர் இன்சுலின் எழுதினார். காலையில் 20 யூனிட், இரவில் 10 யூனிட். முதல் மாதம் நன்றாகக் குறைந்தது. இரண்டாம் மாதம் சாப்பிட்ட பிறகான அளவு 380-க்கு ஏறியிருந்தது. காலிக் குப்பியைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்வது எங்கள் பிரிவின் வழக்கம். இவர் ஒரே ஒரு காலிக் குப்பியைத்தான் கொண்டு வந்திருந்தார். ஒரு குப்பியில் 400 யூனிட். நாளுக்கு 30 யூனிட் போட்டால் 13 நாளில் தீர்ந்துவிடும். ஒரு மாதம் வந்திருக்கிறது என்றால் மனிதர் ஊசியை ஒழுங்காகப் போடவில்லை என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தவறில்லை. “பையன் வேற ஊசி வாங்கியாந்தான்...” என்று அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். “எந்த ஊசியா இருந்தா என்னய்யா, நேரத்துக்குப் போடுறீங்களா இல்லையா?” என்று கேட்டேன். அவர் என்னைச் சற்றுப் பார்த்துவிட்டு “சரிங்கம்மா” என்றார். மருத்துவர் காலை அளவை 28 ஆக உயர்த்தினார்.

மூன்றாம் மாதமும் அதே நிலைதான். அன்று பரிசோதனை ஸ்டிரிப் தீர்ந்து ஸ்டோரிலிருந்து வர இருபது நிமிடம் ஆனதால் வரிசை அப்படியே நின்றுவிட்டது. சும்மா இருந்த நேரத்தில், வீட்டில் எப்படிப் போடுகிறாரோ அப்படியே எடுத்துக் காட்டும்படி அவரிடம் சொன்னேன். என் அக்கறையால் நடந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஸ்டிரிப் தீராமல் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். மஞ்சப்பையிலிருந்து குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்தார். குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினார், காற்றை ஏற்றினார், தலைகீழாகப் பிடித்தார், 28 என்ற கோடு வரை மிகப் பொறுமையாக இழுத்தார். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. ஆனால் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

இந்தத் துறைக்கு வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். நாங்கள் கொடுக்கும் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இன்சுலின் இருக்கும். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் கடைகளில் உண்டு. அதற்குரியது ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எங்கள் குப்பியிலிருந்து எடுத்தால் உடலுக்குள் போவது 8 யூனிட்தான். 28 வரை எடுத்தாலும் 11 யூனிட்டுக்குச் சற்று மேல். மருத்துவமனையில் கொடுத்த சிரிஞ்சுகள் தீர்ந்துபோகவே, மகன் மெடிக்கலில் கேட்டு வாங்கி வந்தது அது. அன்று நான் சொல்லவிடாமல் நிறுத்திய வாக்கியத்தின் மிச்சம் அதுதான். இதைவிட மோசமாகவும் முடிந்திருக்கலாம். உயர்த்திய அளவு நோட்டில் அப்படியே இருக்க, யாராவது அவர் கையில் சரியான சிரிஞ்சைக் கொடுத்திருந்தால், முழு 28 யூனிட்டும் ஒரே வேளையில் உள்ளே போய்ச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்திருக்கக்கூடும். மருத்துவர் அளவைக் குறைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மருத்துவரிடம் பேச ஆரம்பிக்கும் நோயாளி சராசரியாக 18 நொடிகளில் இடைமறிக்கப்படுகிறார் என்று 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பயிற்சி வகுப்பு ஒன்றில் இதைக் கேட்டபோது மருத்துவர்களை நினைத்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. பெரியவருக்கு நான் 18 நொடிகூடக் கொடுக்கவில்லை.

‘சரிங்கம்மா’ என்ற சொல்லை அதன் பிறகுதான் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். புரிந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. உங்களுக்குக் கோபம் வந்துவிட வேண்டாம், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எத்தனையோ பொருள்கள் உண்டு. பேன்ட் சட்டை போட்டு வரும் மகனை “வாங்க சார்” என்றும், வேட்டியில் வரும் அவன் தகப்பனை “இங்க வா, கைய நீட்டு” என்றும் அழைக்கும் இடத்தில், அந்தத் தகப்பன் எழுந்து நின்று ‘எனக்குப் புரியவில்லை’ என்று எப்படிச் சொல்வார்? நான் யாரையும் ஒருமையில் பேசுவதில்லை என்று எனக்கொரு பெருமை இருந்தது. ஆனால் ‘ஐயா’ போட்டே ஒருவரின் வாயை அடைக்க முடியும் என்பதற்கு மேலே நானே எழுதியிருக்கும் வாக்கியம் சாட்சி.

இப்போது “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “நான் சரியாச் சொன்னேனான்னு தெரியல, வீட்ல எப்படிச் செய்வீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க” என்கிறேன். பரீட்சை வைப்பதுபோல் தோன்றாமல் இருக்க வேண்டும் என்பதால் பழியை என் பக்கம் போட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் பழி அங்கேதான் இருக்கிறது. பிரிட்ஜில் வையுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்டு, ஒரு அம்மா குப்பியை ஐஸ் உறையும் மேல்தட்டில் வைத்திருந்தார். உறைந்த இன்சுலின் வீண். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டீ குடித்துவிட்டு வருபவர்களைப் பற்றி ஓய்வறையில் நாங்கள் சலித்துக்கொள்ளாத நாள் கிடையாது. டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. “டீ, காபிகூடக் குடிக்காம வாங்க” என்று சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறையையும் ஒரு பாடமாகச் சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் நோயாளியிடம் கடைசியாகப் பேசி வீட்டுக்கு அனுப்புபவர் பெரும்பாலும் செவிலியர், இல்லையென்றால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவர்.

நேரம் எங்கே இருக்கிறது என்று உடன் பணிபுரிபவர்கள் கேட்பது நியாயமே. எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் 120 பேர் என்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம். எல்லோரிடமும் சொல்லச் சொல்லிக் கேட்க என்னாலும் முடிவதில்லை. புதிதாக இன்சுலின் ஆரம்பிப்பவர், அளவு மாற்றப்பட்டவர், காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறியவர் ஆகிய மூன்று வகையினரிடம் மட்டும் கேட்கிறேன். மற்றவர்களுடைய கட்டத்தில் இன்னும் டிக்தான் விழுகிறது.

அந்தப் பெரியவரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். “விடுங்கம்மா, எனக்குத்தான் விவரம் பத்தல” என்றார். எத்தனை முறை சொல்லியும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் சாப்பிட்ட பிறகான அளவு 190. எழுந்து போகும்போது பையிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சுகள் எட்டை எடுத்து மேசையில் வைத்தார். “காசு குடுத்து வாங்குனதும்மா, வேற யாருக்காச்சும் ஆகுமா?” என்று கேட்டார். எங்கள் குப்பிக்கு அது யாருக்கும் ஆகாது. என் மேசையில் ஒரு அட்டை இருக்கிறது. சிவப்பு மூடி ஒன்று, ஆரஞ்சு மூடி ஒன்று என இரண்டு சிரிஞ்சுகளை அதில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஆரஞ்சு அவருடையது.