பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல கேம் ஆட எந்த டீவி?

எங்க லயத்துல, அதாவது தோட்டத்துல வேல செய்றவங்க இருக்கிற வரிசை வீட்ல, ஒரு காம்பரா (ரூம்) பத்தடிக்குப் பன்னெண்டடி. இலங்கைல ஹட்டன் பக்கம் தேயிலத் தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இத சொல்லத் தேவல்ல, மத்தவங்களுக்காக சொல்றேன், அந்த ஒரு காம்பராவுலதான் கட்டில், அலுமாரி, சாமிப்படம், என் பீசி மேச, தம்பியோட பிஎஸ் 5 கேம் பெட்டி எல்லாமே. டீவி வைக்க ஒரே ஒரு சொவருதான் இருக்கு, அதுல இருந்து கட்டில் ஓரத்துல குந்துறவன் கண்ணு வரைக்கும் அஞ்சடி. நெட்டுல டீவி பத்தி சொல்ற எல்லாரும் 55 வாங்கு, முடிஞ்சா 65 வாங்குன்னுதான் சொல்றாங்க, நானும் அத நம்பி அம்மாவோட தீவாளி அட்வான்ஸையும் என் சீட்டுக்காசையும் சேத்து 55 இஞ்சி ஒண்ண எடுத்துட்டு வந்தேன். அது தப்பாப் போச்சு. ஏன் தப்புன்னு இப்ப நல்லா தெரியும், அதான் எழுதுறேன், நம்ம பக்கத்துல டீவி ஒண்ணு வாங்குறது ஒரு வருசத்துச் சேமிப்பு, அது வீணாப் போகக் கூடாது.

55 இஞ்சி டீவி அகலத்துல நாலடி. அஞ்சடி தூரத்துல நாலடி அகலம்னா படம் பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கேம்ல மூலைக்கு மூலை விசயம் இருக்கும், கீழ ஒரு மூலைல மேப், இன்னொரு மூலைல தோட்டா எத்தன இருக்குன்னு, மேல டைம். கண்ணு மட்டும் திரும்பிப் பத்தல, கழுத்தே திரும்ப வேண்டி வந்துச்சு. தம்பிக்கு ரெண்டு மணி நேரத்துல தலவலி வந்துரும். 43 இஞ்சின்னா அகலம் மூணடி ஒரு இஞ்சி, அஞ்சடிக்கு அது அளவா இருக்கு. பீசிக்கும் இதுதான் சரி, 43 இஞ்சில 4கே (ஃபுல் எச்டிய விட நாலு மடங்கு புள்ளி) வந்தா எழுத்து 24 இஞ்சி ஃபுல் எச்டி மொனிட்டர விட கொஞ்சம் கூராவே இருக்கும், அதே 4கே 55க்குப் போனா கிட்டத்துல புள்ளி பெருசாயிரும்.

ஆனா அளவ விட பெரிய பிரச்சன லேக். இத யாரும் எனக்கு சொல்லல. தம்பி ஃபுட்போல் ஆடுறான், பட்டன அழுத்துறான், ஆளு கொஞ்சம் கழிச்சுத்தான் கால தூக்குறான். கன்ட்ரோலர் பழுதுன்னு நெனச்சோம், கேபிள மாத்துனோம், பிஎஸ் 5 சூடாகுதோன்னு கூட பாத்தோம். கடசில பாத்தா டீவிதான். டீவிக்குள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கு, அது வர்ற படத்த அப்பிடியே காட்டாது, கலர கூட்டும், கூராக்கும், அசைவு வழுக்கிட்டு போற மாதிரி தெரிய ரெண்டு படத்துக்கு நடுவுல தானா ஒரு படத்த செஞ்சு சொருகும். நடுப்படம் செய்யணும்னா அடுத்த படம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும் இல்லையா, அந்தக் காத்திருப்புதான் லேக். 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது செக்கன்டுக்கு 60 படம் காட்டுறப்ப, ஒரு படம் நிக்கிறது 16.7 மில்லிசெக்கன்ட், இந்த வேலையெல்லாம் சேந்தா சில டீவில 100 மில்லிசெக்கன்ட தாண்டிரும், அதாவது ஆறு படம் பின்னாடி நின்னுகிட்டு ஆடுற மாதிரி. நாடகம் பாக்குறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா சத்தத்தையும் டீவியே பிந்தி விடும். கேம் மோட் போட்டா இந்த வேலைய எல்லாம் டீவி நிறுத்திரும், நல்ல டீவில லேக் 10, 15 மில்லிசெக்கன்டுக்கு வந்துரும். நாங்க வாங்குனதுல கேம் மோடே இல்ல. பெட்டில "கேமிங்"னு எழுதியிருந்துச்சு, மெனுல இல்ல.

அதனால கடைக்கு ஒரு லெப்டொப்ப தூக்கிட்டு போங்க, ஒரு எச்டிஎம்ஐ கேபிளும். லெப்டொப் ஸ்க்ரீனும் டீவியும் ஒரே படத்த காட்டுற மாதிரி வச்சி, ஒன்லைன் ஸ்டொப்வொச் ஒண்ண ஓட விட்டு, ரெண்டு ஸ்க்ரீனும் தெரிய போன்ல நாலஞ்சு ஃபோட்டோ எடுங்க. ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசம்தான் லெப்டொப்ப விட டீவி எவ்வளவு பிந்துதுங்கிறது. ஸ்க்ரீன் 60 ஹெர்ட்ஸ்ங்கிறதால பதினாறு மில்லிசெக்கன்ட் அங்க இங்க இருக்கும், ஆனா 20க்கும் 120க்கும் உள்ள வித்தியாசம் தெளிவா தெரியும். நான் ரெண்டாவது தடவ போனப்ப இதான் செஞ்சேன், கடைல இருந்த தம்பி நல்ல புள்ள, "செஞ்சு பாருங்கண்ணே"ன்னு அவரே ப்ளக் குத்திக் குடுத்தாரு. மூணு டீவி பாத்தோம், ஒண்ணு கேம் மோட்லயும் மோசமா இருந்துச்சு.

அதே லெப்டொப்ல இன்னொரு சோதனையும் செய்யணும், பீசிக்கு பாவிக்கப் போறவங்க கட்டாயம் செய்யணும். பெயின்ட்ல நீல நெறத்த நெரப்பி அதுக்கு மேல சின்ன சிவப்பு எழுத்துல எதாச்சும் எழுதுங்க. எழுத்து கூரா தெரிஞ்சா டீவி 4:4:4 எடுக்குது, அதாவது கலர் தகவல கொறைக்காம முழுசா காட்டுது, கலஞ்சு பூத்துப் போன மாதிரி தெரிஞ்சா எடுக்கல. படத்துக்கு கலர் தகவல பாதி பாதியா கொறச்சு அனுப்புனாலும் நம்ம கண்ணு கண்டுபிடிக்காது, அதனால சினிமா எல்லாம் 4:2:0லதான் வருது, ஆனா எழுத்துக்கு அது ஆகவே ஆகாது. நான் அந்தில ஆறு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் பீசில டிசைன் வேல செய்றவன், அந்த 55ல எழுத்து எல்லாம் பனி மூட்டத்துல தெரியுற போர்ட் மாதிரி இருந்துச்சு. சில டீவில இது செட்டிங்ஸ்லயே சரியாகும், எல்ஜி, சாம்சங் ரெண்டுலயும் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டோட பேர பீசின்னு மாத்துனா எழுத்து தெளியும், வேற பேர் வச்சா தெளியாது, பேர்தானேன்னு விட்டுறாதீங்க. எச்டிஎம்ஐ என்ஹான்ஸ்ட், டீப் கலர் அப்பிடின்னு ஒரு செட்டிங் இருந்தா அதையும் ஒன் பண்ணிட்டுத்தான் பாக்கணும்.

பீசில கிராஃபிக்ஸ் கார்டு பழசுன்னா அதையும் பாருங்க. ஜிடிஎக்ஸ் 900 சீரிஸ்ல இருந்துதான் என்விடியால எச்டிஎம்ஐ 2.0 வந்துச்சு, அதுக்கு முந்துன கார்டுல எச்டிஎம்ஐ வழியா 4கே 4:4:4 போட்டா 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் இழுத்துக்கிட்டு போகும், அதுக்கு டீவிய திட்டிப் பிரயோசனமில்ல. என் கார்டு ஜிடிஎக்ஸ் 1650, டெஸ்க்டொப் 4கேல 60 ஹெர்ட்ஸ் நல்லா ஓடுது, கேம 1080ல (ஃபுல் எச்டி) வச்சிக்கிறேன்.

இப்ப 120 ஹெர்ட்ஸ் விசயத்துக்கு வாறேன், தம்பி என்னோட சண்ட புடிச்சது இதுக்குத்தான். பிஎஸ் 5 2020 நவம்பர்ல வந்தப்பவே எச்டிஎம்ஐ 2.1ஓட வந்துச்சு, 4கே 120 ஹெர்ட்ஸ் குடுக்கும், 2022 ஏப்ரல்ல விஆர்ஆரும் குடுத்தாங்க, அதாவது கேம் எந்த வேகத்துல படம் அனுப்புதோ அதே வேகத்துக்கு டீவியும் மாறிக்கும், படம் கிழியாது. நல்ல விசயம்தான், கையில காசிருந்தா வாங்குங்க. ஆனா 43 இஞ்சில 120 ஹெர்ட்ஸ் டீவி ரொம்ப கொறவு, இருக்கிறதும் வெலை ஜாஸ்தி, அந்த வெலைக்கு 55ல வாங்கிரலாம், அப்ப மறுபடியும் அதே காம்பரா, அதே கழுத்து. அப்புறம் பெட்டில எச்டிஎம்ஐ 2.1னு இருந்தா 120 வரும்னு நெனைக்காதீங்க, அந்தப் பேருக்குள்ள இருக்கிற பல வசதி கட்டாயமில்ல, ஒரு கம்பெனி தனக்கு வேண்டியத மட்டும் போட்டுட்டு 2.1னு போட்டுக்கலாம். மோஷன் ரேட் 120, 240ன்னு எழுதியிருந்தா அதையும் நம்பாதீங்க, அது விளம்பர நம்பர், பேனலோட (ஸ்க்ரீன் தகடோட) ஹெர்ட்ஸ் இல்ல, "பேனல் எத்தன ஹெர்ட்ஸ், 4கேல 120 எடுக்குமா" இந்த ரெண்டத்தான் கேக்கணும். தம்பிகிட்ட நான் சொன்னது ஒண்ணுதான், நீ ஆடுற கேம் 60லதான் ஓடுது, 60க்கு லேக் இல்லாத டீவி போதும். ரெண்டு நாள் பேசாம இருந்தான், அப்புறம் ஒத்துக்கிட்டான்.

ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானா எரியுற ஸ்க்ரீன்) எனக்கு வேண்டாம், அழகுதான், ஆனா பீசியோட டாஸ்க்பார் தெனம் நாலு மணி நேரம் ஒரே எடத்துல நின்னா தழும்பு விழுற பயம் இருக்கு. எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் நல்லா பிரிச்சுக் காட்டுற வசதி) பத்தியும் மெனக்கெட வேண்டாம், வெலை கொறஞ்ச டீவி எச்டிஆர் சிக்னல வாங்கிக்கும், அத காட்டுற வெளிச்சம் அதுல இருக்காது. பேனல்ல விஏவா ஐபிஎஸ்ஸான்னு மட்டும் கொஞ்சம் யோசிச்சேன், ரெண்டும் ரெண்டு வகை. விஏ பேனல்ல கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும், நேரா குந்திப் பாத்தா அதான் சிறப்பு. ஆனா எங்க வீட்ல அம்மா அடுப்பாங்கட வாசல்ல நின்னுகிட்டே நாடகம் பாப்பாங்க, பக்கத்து வீட்டு பசங்க இஸ்தோப்புல (முன் வராந்தால) இருந்து எட்டிப் பாத்து மெட்ச் பாப்பானுங்க, சைட்ல இருந்து பாத்தா விஏல கலர் வெளுத்துரும். அதனால ஐபிஎஸ் எடுத்தேன், 43 இஞ்சி, 60 ஹெர்ட்ஸ், கேம் மோட், 4:4:4. ராத்திரி லைட்ட அணச்சா கறுப்பு கொஞ்சம் சாம்பலாத்தான் தெரியுது, பரவாயில்ல, லைட்ட போட்டுக்கிட்டே ஆடுறோம். பழைய 55 மாமா வீட்டுக்குப் போயிருச்சு, அவங்க 7 பேர்ச் காணில கட்டுன புது வீட்ல ஹோல் பெருசு, அவங்க படம் மட்டும் பாக்குறவங்க, அங்க அது நல்லாத்தான் இருக்கு.

இன்னும் ஒண்ணு, இது எந்த ரிவியூலயும் வராது, மலைல இருக்கிறவன்தான் சொல்லணும். மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் மத்தியானத்துக்கு மேல இடி விழும். நம்ம ஆளுங்க ப்ளக்க மட்டும் கழட்டுவாங்க, ஆனா டிஷ் கம்பில வர்ற கரண்ட் டிஷ் பெட்டிக்குள்ள பூந்து எச்டிஎம்ஐ வழியா டீவிக்கு வந்துரும், மேல் லயத்துல ஒருத்தங்களுக்கு அப்பிடித்தான் போர்ட் ரெண்டும் செத்துப் போச்சு, டீவி எரியுது, ஆனா எதையும் சொருக முடியாது. டிஷ் கம்பியையும் கழட்டுங்க. லயத்துல நெறைய வீட்ல எர்த் சரியா இல்ல, பீசி கேச தொட்டா சுள்ளுங்கும், அப்பிடி இருக்கிற வீட்ல எச்டிஎம்ஐ சொருகுறப்ப ரெண்டு பக்கமும் ஓஃப் பண்ணி ப்ளக்க கழட்டிட்டு சொருகுங்க, எர்த் கம்பி போட ஒரு எலெக்ட்ரீசியன கூப்புடுங்க, டீவிக்கு குடுத்த காசுல அது சின்னக் காசு. நேத்து மூணு மணிக்கு நோர்வூட் பக்கம் உருமுற சத்தம் கேட்டதும் தம்பி மெட்ச்ச பாதில விட்டுட்டு எந்திரிச்சு மூணு கம்பியையும் கழட்டுனான், ரெண்டு கோல் முன்னாடி இருந்தும்.