மறைத்து வைத்தே கெடும் கைப்பைகள்

பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் விலை உயர்ந்த கைப்பைகளில் இரண்டு சாதி உண்டு. தினமும் தோளில் தொங்கிய பை ஒன்று, வாங்கிய நாளிலிருந்து பீரோவை விட்டு வெளியே வராத பை மற்றொன்று. முதலாவதில் பிடி கருத்திருக்கும், நான்கு மூலையிலும் தோல் தேய்ந்திருக்கும், ஜிப்பின் ரன்னர் தளர்ந்திருக்கும். எல்லாம் சரிசெய்யக்கூடியவை. இரண்டாவதைத் திறந்தவுடனேயே வாடை சொல்லிவிடும். தோலில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம், தொட்டால் பிசுபிசுக்கும் உள்பாக்கெட், கையோடு ஒட்டி வரும் விளிம்புப் பூச்சு. சென்னையில் இந்த வேலை செய்பவர்களுக்குப் பயன்படுத்திய பையைவிடப் பயன்படுத்தாத பைதான் பெரிய தலைவலி.

ஏன் எடுத்துப் போகவில்லை என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுதான்: "ஆபீஸுக்குக் கொண்டுபோகக் கூச்சமா இருக்குங்க." சிங்கப்பூரிலோ துபாயிலோ ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள், அல்லது பாரிஸ் போய்வந்த கணவர் வாங்கித் தந்திருப்பார். லிஃப்டில் நாலு பேர் பார்ப்பார்கள், விலையைக் கூட்டிப் பார்ப்பார்கள், "மேடத்துக்கு என்ன, வசதி" என்பார்கள் என்ற நினைப்பிலேயே பை மறுபடி உள்ளே போய்விடுகிறது. கூச்சம் அவரவர் மனசு, அதில் தைப்பவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பை கெடுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதால் அதைப் பற்றிப் பேசாமல் தையலைப் பற்றி மட்டும் பேச முடியவில்லை.

பீரோவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் தோலில் பூசணம் பிடிக்கத் தொடங்கும். சென்னையில் பெரும்பாலான மாதங்கள் அதற்கு மேல்தான். சுவரை ஒட்டிய இரும்பு பீரோ, அதற்குள் துணிகளுக்கு அடியில் பை, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் என்றால் ஈரம் வெளியேற வழியே இல்லை. கடையில் தரும் பருத்தித் துணிப் பையே போதும். அதிலும் தோல் கொஞ்சம் மூச்சு விடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது ஈரத்தைக் குடித்து நிரம்பிய பிறகு வெறும் மணல்தான். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று கண்ணுக்கே தெரியும். அறையில் சிறிய ஈரப்பத மானி ஒன்று வைத்து 45 முதல் 55க்குள் நிறுத்த முடிந்தால் நல்லது.

பாச்சை உருண்டை கூடவே கூடாது. அந்த நெடி தோலை விட்டுப் போகாது, செயற்கைப் பூச்சுகளையும் இளக்கும். பைக்குள் செய்தித்தாளைத் திணித்தால் அச்சு மை லைனிங்கில் ஏறும். பளபளப்பான பேட்டன்ட் தோலை வேறொரு நிறப் பையோடு ஒட்டி வைத்தால் அந்த நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் வராது. குமிழிப் பிளாஸ்டிக்கில் சுற்றினால் குமிழிகளின் தடம் அப்படியே பதியும். வெள்ளை டிஷ்யூ காகிதமோ பழைய பருத்தி பனியனோ திணிப்பதற்குப் போதும். சங்கிலி வைத்த செம்மறித் தோல் பைகளுக்கு, ஷனேல் பைகளில் இது அதிகம், சங்கிலியைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். அப்படியே உள்ளே போட்டு மூடினால் ஆறு மாதத்தில் வளையங்களின் பள்ளம் வெளித்தோல் வரை தெரியும். அந்தப் பள்ளம் முழுவதுமாக எழுந்து வருவதில்லை.

உள்பாக்கெட் பிசுபிசுப்பதுதான் மிகவும் வருத்தமான கேஸ். 1980, 90களில் செய்யப்பட்ட பல பைகளின் லைனிங்கில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு உண்டு. காற்றின் ஈரம் அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். முதலில் ஒட்டும், பிறகு செதில் செதிலாக உதிரும். டால்கம் பவுடர் தூவினால் நாலு நாள் தாங்கும், அவ்வளவுதான். வாய்ப்பகுதித் தையலைப் பிரித்து, லைனிங்கை முழுசாக எடுத்து, புதுத் துணி தைத்து, பழைய துளைகளிலேயே ஊசி போகும்படி மூட வேண்டும். புதுத் துளை விழுந்தால் தோல் அந்தக் கோட்டில் பலவீனமாகும் என்பதால் இது மெஷினில் ஓட்டும் வேலை இல்லை, குத்தூசியும் கைத்தையலும்தான். விளிம்புப் பூச்சு இளகியிருந்தால் பழையதை முழுவதும் சுரண்டி, 400 நம்பர் உப்புக்காகிதம், அப்புறம் 600, மெல்லிய பூச்சு, காயவிடுதல், மறுபடி தேய்ப்பு என்று மூன்று முதல் ஐந்து பூச்சு வரை போகும். பழைய பூச்சின் மேலேயே அடித்துக் கொடுத்தால் ஒரே கோடையில் உரிந்து வரும். கூச்சத்துக்காகப் பையைக் காரிலேயே வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போகிறவர்கள் இந்த வேலையைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் 60 டிகிரி வரை ஏறும், விளிம்புப் பூச்சும் பசையும் அதைத் தாங்காது.

இவ்வளவும் எதை மறைக்க? பெரும்பாலும் பையின் மேலிருக்கும் எழுத்தை. லூயி வித்தோன் பைகளின் பழுப்பு நிற மோனோகிராம், அதாவது நிறுவனத்தின் முதலெழுத்துகளும் பூக்களும் மாறி மாறி வரும் அச்சு, 1896இல் வந்தது. நிறுவனரின் மகன் ஜார்ஜ் வித்தோன் போலிகளைத் தடுப்பதற்காக அதை உருவாக்கினார். பயணப் பெட்டி யாருடைய தயாரிப்பு என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. இன்று அதே வசதி அலுவலக வராண்டாவில் பாரமாகிறது. அதனால்தான் "இந்த லோகோவை எடுத்துவிட முடியுமா?" என்ற கேள்வி வருகிறது.

எடுக்கக்கூடாது என்பதே நேர்மையான பதில். மோனோகிராம் பைகள் பலவற்றின் உடல் தோல் கிடையாது. பருத்திக் கான்வாஸின் மேல் பிவிசி என்ற பிளாஸ்டிக் பூச்சு. அதன்மேல் பெயின்ட் அடித்தால் பூச்சிலிருக்கும் மென்மையாக்கி பெயின்ட்டைப் பிடிக்க விடாது. மடியும் இடத்தில் முதலில் வெடிக்கும், அப்புறம் செதில் விடும். உலோக எழுத்துகளைக் கழற்றினால் அவற்றின் பின்பக்க முனைகள் குத்திய துளைகள் தங்கும். சூடு வைத்து அச்சிட்ட எழுத்தைத் தேய்த்தால் தோலின் மேல்பரப்பு போய்விடும். இப்படி வெளியார் கை பட்ட பையைப் பெரிய நிறுவனங்களின் சேவைப் பிரிவுகள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும், மறுவிற்பனை விலையும் சரியும். எழுத்து வேண்டாம் என்றால் வாங்கும்போதே அப்படி வாங்க வேண்டும். 1966இல் விசென்சாவில் தொடங்கிய பொட்டேகா வெனெட்டா பின்னிய தோலையே அடையாளமாக வைத்துக்கொண்டு வெளியே பெயர் போடுவதில்லை. ஹெர்மேஸ் பைகளில் பெயர் சிறிய அச்சுதான். பாண்டிச்சேரியில் 1978இல் தொடங்கிய ஹைடிசைனின் தாவரப் பதனிட்ட தோல் பைகளைப் பார்த்து யாரும் அவ்வளவு சுலபமாக விலை போட மாட்டார்கள்.

எழுத்துள்ள பை ஏற்கனவே கையில் இருக்கிறதா? மறைக்கும் அசைவுதான் கண்ணை இழுக்கும். 2022 ஆகஸ்ட் 1 அன்று மக்களவையில் விலைவாசி விவாதம் நடந்தபோது உறுப்பினர் மஹுவா மொய்த்ரா தன் லூயி வித்தோன் பையை இருக்கையிலிருந்து மேசைக்கு அடியில் நகர்த்திய காணொளி நாடு முழுவதும் ஓடியது. எதற்காக நகர்த்தினார் என்பது அவருக்குத்தான் தெரியும். பை இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் அப்படி ஒரு காணொளிக்கு இடமே இருந்திருக்காது. அலுவலகத்திலும் இதே கதைதான். துப்பட்டாவால் மூடிய பை, துணிப் பைக்குள் போட்ட பை, நாற்காலிக்குப் பின்னால் தள்ளிய பை எல்லாமே "அது என்ன?" என்று கேட்க வைக்கும்.

பையை இயல்பாக வைக்க இடம் வேண்டும், அதை முதல் நாளே முடிவு செய்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். மேசையின் கீழ் இழுப்பறையில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைக்கும் அளவுக்கு உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். லூயி வித்தோனின் ஸ்பீடி, ஹெர்மேஸின் பர்கின் போன்ற பைகளின் பெயரோடு வரும் 25, 30, 35 என்ற எண்கள் பையின் அகலம் சென்டிமீட்டரில். உங்கள் இழுப்பறையை அளந்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஹெர்மேஸின் பர்கின், கெல்லி பைகளின் அடியில் நான்கு உலோகக் குமிழ்கள் உண்டு, தரையில் வைக்கலாம். லூயி வித்தோனின் ஸ்பீடிக்கும் நெவர்ஃபுல்லுக்கும் கிடையாது, மேசை ஓரத்தில் மாட்டும் கொக்கி வாங்கிக்கொள்வது நல்லது. நாற்காலி முதுகில் தொங்கவிட்டால் வார் இழுபடும், பக்கத்தில் நடப்பவரின் டீயும் கொட்டும்.

புதுசாகவே தெரியும் பைதான் அதிகம் கண்ணில் படும். உலோகத்தின் மேலிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை முதல் வாரத்திலேயே உரித்துவிடுங்கள். அதற்கடியில் வியர்வை தேங்கிப் பித்தளை கறுக்கும். தொங்கும் பூட்டு, சாவி உறை, பெயர்ச் சீட்டு எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்தால் சத்தமும் குறையும், கீறலும் குறையும். பிடியில் பட்டுத் துணி சுற்றும் வழக்கம் வியர்வையைத் தடுக்கும் என்றாலும் நம் ஊர் வெயிலில் அடர்நிறப் பட்டு சாயம் விடும், வெளிர்நிறத்தில் சுற்றுங்கள். சானிடைசர் காயும் முன் பிடியைத் தொட்டால் திட்டுத் திட்டாகும். தேங்காய் எண்ணெய் தடவிய கூந்தல் தோள்வாரின் மேல்பகுதியைக் கறுப்பாக்கும். பளபளப்புக்காகப் பையிலேயே தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தோலைக் கருக்கி, பூசணத்துக்கும் தீனியாகும். சாப்பாட்டு டப்பாவுக்குத் தனிப் பை வேண்டும். சாம்பார் கறை கான்வாஸ் மேல் துடைத்தால் போகும், தேன்நிறப் பதனிட்ட தோலில் போகாது.

"இது ஒரிஜினலா?" என்ற கேள்வி வரும். "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை போதும், விலையையோ தள்ளுபடியையோ விளக்கத் தொடங்கினால் பேச்சு நீளும். போலி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எதிரே நடந்து போகிறவரால் நிச்சயமாக அதைச் சொல்ல முடியாது. எங்களுக்கே தையலின் சாய்வு, விளிம்புப் பூச்சின் தடிமன், ரன்னரின் கனம் என்று கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. ஹெர்மேஸின் கைத்தையலில் மெழுகு பூசிய லினன் நூலின் இரு முனையிலும் ஊசி. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது அவிழாது. மெஷின் தையலில் ஓரிடம் விட்டால் வரிசையாகத் தளரும்.

கூச்சம் நியாயமாக இருக்கும் இடங்களும் உண்டு. துக்க வீட்டுக்கும், ஆட்குறைப்பை அறிவிக்கும் கூட்டத்துக்கும் அந்தப் பை வேண்டாம். அங்கே அடுத்தவர் மனம் ஏற்கனவே புண்ணாகியிருக்கும். சமணக் கோயில்களில் தோல் பொருளுக்கு அனுமதி இல்லை. கான்வாஸ் பைதானே என்று நினைத்தாலும் பிடியும் ஓரமும் தோல் என்பதை மறக்க வேண்டாம். ஆன்மிகச் சொற்பொழிவாளர் ஜெயா கிஷோரியின் டியோர் பை 2024 அக்டோபரில் பெரும் சர்ச்சையானபோது, அதில் தோலே இல்லை என்றுதான் அவர் முதலில் விளக்க வேண்டியிருந்தது. மத்திய அரசு ஊழியர் என்றால் இன்னொன்று: 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டும் அசையும் பொருளை வாங்கினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் கோப்பில் இருந்தால் பையை நிம்மதியாகத் தூக்கிச் செல்லலாம்.

தோலைத் தொட்டு வேலை செய்பவர்களைத் தள்ளி வைத்த ஊர் இது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பாரிஸ் பையின் தேன்நிறப் பிடியும் தாவரச் சத்தில் பதனிட்டதுதான், வெளிச்சம் பட்டால் கருப்பது அதன் குணம். அந்தக் கருமையை அழுக்கு என்று வெட்கப்படுகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு கஷ்டப்படுகிறது. ஒழுங்காகப் பதனிட்ட தோல் என்பதற்கு அதுவே சாட்சி.

பல வருடம் பூட்டி வைத்த பையை இப்போது எடுக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டுக்குள் திறக்க வேண்டாம். பூசணத் தூள் மற்ற பைகளுக்கும் பரவும். மொட்டை மாடியில், நிழலில், மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். பூச்சுள்ள கான்வாஸ் என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் லேசாக நனைத்து, முதலில் அடிப்பக்கத்தில் சோதித்துவிட்டுத் துடைக்கலாம். தேன்நிறப் பிடியிலும் செம்மறித் தோலிலும் இதைச் செய்தால் நிறம் போகும், அவற்றை ஆளிடம் கொடுங்கள். குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பானும் வேண்டாம். இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் வாயைத் திறந்து வையுங்கள், வெயிலில் வேண்டாம். பழைய துணிப் பையை வெந்நீரில் துவைத்துக் காயவிடாமல் மறுபடி அதற்குள் போடாதீர்கள். அதன்பிறகு வாரம் ஒரு நாளாவது வெளியே எடுத்துப் போனால் போதும், காற்றும் அசைவும் தோலுக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும். பிடி வெடித்துவிட்டால் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், புதுத் தோலின் நிறம் பழையதோடு சேர வருடக்கணக்கில் ஆகும்.