டார்ட்டியாவை முதலில் பாருங்கள்

அமெரிக்க ஊர்களில் மெக்சிகன் சாப்பாட்டுக் கடை என்றால் பொதுவாக இரண்டு ரகம். ஒன்று, உட்கார வைத்துப் பரிமாறும் உணவகம். மெனுவில் 1 முதல் 30 வரை எண் போட்ட காம்போ தட்டுகள் இருக்கும். இன்னொன்று டாக்கேரியா. கவுன்டரில் சொல்லிவிட்டு, கூப்பிடும்போது போய்த் தட்டை வாங்கி வர வேண்டியதுதான். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டாவதுதான் சரி. முதல் ரகத்தின் முப்பது தட்டுகளையும் உற்றுப் பார்த்தால் டாக்கோ (டார்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியில் கறி வைத்து மடித்தது), என்சிலாடா (குழம்பில் தோய்த்த டார்ட்டியா), புரிட்டோ (பெரிய கோதுமை டார்ட்டியாவில் சுருட்டியது), தமாலே (ஆவியில் வெந்த சோள மாவுப் பொட்டலம்), சிலி ரெயேனோ (உள்ளே அடைத்துப் பொரித்த மிளகாய்) என்ற ஐந்தே ஐந்து பண்டங்களை இடம் மாற்றி அடுக்கியிருப்பார்கள். கூடவே அரை தட்டு சோறும் பீன்ஸும். சாப்பிட்டு எழுந்தால் மதிய வேலை ஓடாது.

உட்காரும் கடைக்கே போக நேர்ந்தால், வந்ததுமே சிப்ஸ் கூடையும் சால்சா என்ற காரச் சட்னியும் வைப்பார்கள். பல கடைகளில் இதற்குக் காசு இல்லை. இதைக் கடையைச் சோதிக்கும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள், பசி தீர்க்கும் பண்டமாக அல்ல. மீந்த டார்ட்டியாவை வெட்டி அங்கேயே பொரித்த சிப்ஸில் கொப்புளம் இருக்கும், துண்டுகள் ஒரே அளவாக இருக்காது, சில ஓரங்கள் கொஞ்சம் சிவந்திருக்கும். சால்சாவில் கருகிய தோல் துணுக்குகள் மிதந்தால் தக்காளியையும் மிளகாயையும் சுட்டு அரைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான்கு சிப்ஸில் இவ்வளவும் தெரிந்துவிடும். ஐந்தாவதிலிருந்து சாப்பாட்டுக்கான இடம்தான் குறைகிறது.

இனி முக்கியமான விஷயம். டாக்கோவில் எல்லாரும் கறியைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் ருசி டார்ட்டியாவில் இருக்கிறது. காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே மாவாக்கிப் பிசைந்தால் தட்டும்போது விரிசல் விட்டு உடைந்துவிடும். அதனால் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைக்கிறார்கள். கிலோ சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு, 3 லிட்டர் தண்ணீர். முக்கால் மணி நேரம் வரை மெல்லக் கொதித்தபின் இரவு முழுக்க ஊறும். காலையில் கையால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். கழுவி அரைத்தால் மாசா என்ற மாவு. ஊறிய சோளத்துக்குப் பெயர் நிஷ்டமால். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் சாம்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சுண்ணாம்பு சோளத் தோலிலுள்ள பசையை இளக்கி மாவைப் பிடிக்க வைக்கிறது. சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினையும் விடுவிக்கிறது. இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போன வட இத்தாலியிலும் அமெரிக்கத் தெற்கிலும் ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது.

நல்ல டார்ட்டியாவைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மணம் முதலில் வரும், சுட்ட சோளமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்தாற்போல். மேலே அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். பாதியாக மடித்துப் பாருங்கள். வளைந்தால் சரி, மடிப்பில் விரிசல் விட்டால் ஆறிப்போனது அல்லது சூடாக்காமலே கொடுத்தது. சோள மாவுச்சத்து ஆறியதும் இறுகிவிடும், மறுபடி கல்லில் போட்டால்தான் இளகும். கூட்டம் அதிகமான நேரத்தில் அவசரத்தில் விடுபடுவது இந்த ஒரு வேலைதான். சில கடைகளில் கையால் தட்டிய டார்ட்டியா வேண்டுமா என்று கேட்பார்கள், கொஞ்சம் கூடுதல் காசு ஆகும். தயங்காமல் சரி சொல்லுங்கள். தடிமன் சமமாக இல்லாமல், ஒரு பக்கம் உப்பி ஏடு பிரிந்து வருவதுதான் அதன் அடையாளம். கோதுமை டார்ட்டியா வட மெக்சிகோவின் வழக்கம். அது புரிட்டோவுக்குச் சரி, சின்ன டாக்கோவுக்கு வேண்டாம்.

டாக்கோவுக்கு இரண்டு டார்ட்டியா அடுக்கி வருவதைப் பார்த்து ஒன்றை எடுத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். கறிச்சாறு முதலாவதை ஊற வைத்துக் கிழித்துவிடும், இரண்டாவது தாங்கும். கீழே சிந்தியதை அள்ளவும் அது உதவும். உள்ளங்கை அளவு டாக்கோ என்றால் ஓரளவு பசிக்கு மூன்று, நல்ல பசிக்கு நான்கு. ஒரே வகையில் நான்கு வாங்காமல் கலந்து கேளுங்கள்.

என்ன கறி? கார்னே அசாதா என்பது தணலில் சுட்டு நறுக்கிய மாட்டிறைச்சி. கார்னிதாஸ், மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தின் பெருமை, பன்றிக்கறியைப் பன்றிக் கொழுப்பிலேயே மெதுவாக வேகவிட்டது. ஓரம் மொறுமொறுப்பாகவும் உள்ளே நார் நாராகவும் இருக்க வேண்டும். வெறும் ஈரமாக வந்தால் கல்லில் புரட்டித் தரச் சொல்லுங்கள். லெங்குவா மாட்டு நாக்கு, முதல்முறை தயங்குபவர்கள்கூட மறுமுறை கேட்பது. அல் பஸ்தோர் மெக்சிகோவுக்குக் குடியேறிய லெபனான்காரர்களின் சுழல்கம்பிக் கறியிலிருந்து பிறந்தது. ஆட்டுக்குப் பதில் பன்றி, மசாலாவில் சிவப்பு மிளகாயும் சிவப்பு நிறம் தரும் அச்சியோத்தே விதையும், கூடவே அன்னாசி. கம்பியில் சுழன்று வெளிப்புறம் கருகுவதில்தான் அதன் சுவை. சில கடைகளில் கம்பியை மாலையில்தான் ஏற்றுவார்கள். மதியம் அது சுழலாமல் இருந்தால், கல்லில் வதக்கிய பன்றிக்கறிதான் அந்தப் பெயரில் வரும். அன்று கார்னிதாஸ் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஸ்பானிஷில் 'கோன் தோதோ' என்று கேட்டால் எல்லாம் போட்டு என்று பொருள். நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லித்தழையும் போடுவார்கள், அவ்வளவே. லெட்டூஸும் மஞ்சள் துருவல் சீஸும் எல்லை தாண்டி டெக்சஸ் பக்கம் சேர்ந்துகொண்டவை.

நாமே சால்சா எடுத்துக்கொள்ளும் மேடையில் நிறத்தை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். பச்சை சாந்தம், சிவப்பு காரம் என்று எந்த விதியும் கிடையாது. பச்சைத் தக்காளி போலிருக்கும் டொமாட்டிலோ சேர்த்த பச்சை சால்சா புளிப்பாக இருக்கும், ஆனால் செர்ரானோ மிளகாய் சேர்ந்திருந்தால் சிவப்பைத் தூக்கிச் சாப்பிடும். அதைவிட மோசம், பாட்டிலில் வரும் வெளிர் பச்சைக் குழம்பு. பார்த்தால் அவகாடோ போலிருக்கும். பல கடைகளில் அதில் அவகாடோ துளியும் இல்லை. ஹலபேனோ மிளகாயையும் பூண்டையும் எண்ணெய் விட்டு அடித்து வழவழப்பாக்கியது. ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பாக இருப்பது இதே முறையில் சிலி தே ஆர்போல் மிளகாயில் செய்தது, இன்னும் காரம். மிளகாயின் காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் ஹலபேனோ 2,500 முதல் 8,000 வரை, ஹபனேரோ மிளகாய் ஒரு லட்சத்துக்கு மேல். ஆகவே முதலில் ஒரு சொட்டைச் சிப்ஸில் தொட்டுப் பாருங்கள். அரை நிமிடம் பொறுங்கள், சில மிளகாய்களின் காரம் தாமதமாகத்தான் ஏறும். எரிந்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நீரில் கரையாது. பால் சேர்த்த ஓர்ச்சாட்டா இருந்தால் அது உதவும். அரிசியை ஊறவைத்து அரைத்துப் பட்டை போட்ட பானம் அது. எல்லாக் கடையிலும் பால் சேர்ப்பதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

எலுமிச்சையை டாக்கோ மேல் பிழிந்து, சால்சா ஒரு கரண்டி விட்டு, உடனே சாப்பிட வேண்டும். டாக்கோவைச் சாய்க்காதீர்கள், தலையைச் சாயுங்கள். சாய்த்தால் சாறு பின்பக்கமாக வழிந்து முழங்கை வரை வரும்.

சைவக்காரர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல்கள் உண்டு. மசித்து வறுத்த பீன்ஸ், அதாவது ரெஃப்ரீட்டோஸ், மரபுப்படி பன்றிக் கொழுப்பில் செய்வது. சிவப்புச் சோறு பெரும்பாலும் கோழிச்சாற்றில் வெந்தது. இறைச்சித் துண்டு எதுவும் தெரியாததால் ஏமாந்துபோவோம். கோதுமை டார்ட்டியாவிலும் கொழுப்பு இருக்கலாம். சிலி ரெயேனோவில் மிளகாய்க்குள் சீஸ்தான் என்றாலும் வெளிப்பூச்சு முட்டை. மோலே குழம்பைப் பெரும்பாலும் கோழிச்சாறு விட்டுத்தான் இளக்குவார்கள். கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: "தியேனே மான்டேக்கா?", கொழுப்பு சேர்த்ததா? "தியேனே கால்தோ தே போயோ?", கோழிச்சாறு உண்டா? 'சின் கார்னே', அதாவது கறி இல்லாமல், என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். கார்னே என்றால் பலருக்கும் மாட்டுக்கறிதான் நினைவுக்கு வரும், கோழி அதில் சேராது. கொழுப்பில்லை என்று உறுதி சொன்னால், கீறிச் சுட்ட பொப்லானோ மிளகாயைக் கிரீமில் வதக்கிய ராஹாஸ், கள்ளிச்செடி மடலான நொபாலேஸ் இரண்டும் சோள டார்ட்டியாவோடு அருமையாகச் சேரும்.

என்சிலாடா சொன்னால் தட்டைத் தொடாதீர்கள், அடுப்பிலிருந்து நேரே வருவதால் தட்டே கொதிக்கும். நல்ல சமையலறையில் டார்ட்டியாவை முதலில் எண்ணெயில் ஒரு நொடி புரட்டியெடுத்தபின்தான் குழம்பில் தோய்ப்பார்கள். அந்த எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் கூழாகிவிடும்.

மீந்தால் டாக்கோவைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், கறியையும் டார்ட்டியாவையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாதி புரிட்டோ தாங்கும். மறுநாள் அலுமினியத் தாளை உரித்து, உள்ளே லெட்டூஸ் இருந்தால் எடுத்துவிட்டு, மைக்ரோவேவில் உள்பக்கம் சூடேற ஒரு நிமிடம், பிறகு வெறும் கல்லில் மடிப்பு கீழே இருக்கும்படி இரண்டு நிமிடம்.